பதினொன்றாம் பீப்பாய்

இதை எனக்கு முதலில் சொன்னவர் சகோதரி பெனடிக்டா. போன தவக்காலத்துக்கு முந்தின தவக்காலம், ஒரு வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை முடிந்து கோவில் சாவிக்காக நாங்கள் காத்துக்கொண்டிருந்த நேரம். பெல்ஜியம் நாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் ஒன்பது வருஷம் ஊழியம் செய்துவிட்டு வந்தவர் அவர். "தவக்காலத்துல பீர் கதையா சிஸ்டர்?" என்று கேட்டேன். "காது குடிக்காது, கேளுங்க" என்றார்.

பிரஸ்ஸல்ஸ் பட்டணத்துக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். அங்கே லீவெ என்று ஒரு பெண், வயது முப்பத்தாறு. லாம்பிக் என்று ஒரு புளிப்புப் பீர், அந்தப் பக்கத்தின் சொந்தச் சரக்கு. அதில் பெயரெடுத்த கை அவளுடையது.

அவளிடம் வேலை கற்கச் சேர்ந்தவர் அமலதாஸ். வயது ஐம்பத்து மூன்று. திண்டுக்கல் பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் இருபத்திரண்டு வருஷம் பால் சோதித்தவர். கேன் மூடியைத் திறப்பார், ஒருதரம் முகர்வார். "எடு" என்பார், அல்லது "திருப்பு" என்பார். மூன்றாவது சொல் அவரிடம் கிடையாது. அந்த மூக்கு ஒருநாளும் தவறியதில்லை.

மனைவி இறந்த பிறகு, பெல்ஜியத்தில் நர்ஸாக இருந்த மகள் அவரைத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். அந்த நாட்டில் அந்த மூக்குக்கு வேலை இல்லை. லீவெ பீர் காய்ச்சும் கொட்டகையில் பாட்டில் கழுவினார். ஒருநாள், கழுவி அடுக்கின நாற்பது பாட்டிலில் சோப்பு வாசம் போகாத இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்தார். லீவெ அதைப் பார்த்தாள். மறுநாள் நிலவறைக்கு வரச் சொன்னாள்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் இங்க இருந்து பாருங்க. உங்க மூக்குக்கு என் பீப்பாய்ங்க பிடிபட்டா இங்கயே இருக்கலாம். இல்லன்னா மறுபடியும் பாட்டில்தான்."

அன்று ராத்திரி அமலதாஸ் இதை மகளிடம் மூன்று தடவை சொன்னார்.

அவர்கள் பேசிக்கொண்டது அந்த ஊர் மொழியில், பாதி கையால். நான் நம் பேச்சில் சொல்கிறேன்.

அங்கே எல்லாரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அமலதாசுக்கு வாய் வரவில்லை. "அம்மா" என்றார்.

"நீங்க என்னைவிடப் பதினேழு வயசு மூப்பு. நான் உங்களுக்கு அம்மாவா?"

"வேலை கத்துக்குடுக்கறவங்க அம்மாதான்."

"அப்ப உங்க ஊர்ல ஒருத்தருக்கு எத்தனை அம்மா?"

"சண்டை வராத வரைக்கும் எல்லாரும் அம்மாதான்."

முதல் நாள் லீவெ மூன்று கிளாஸ் வைத்தாள். பக்கத்தில் ரொட்டி, பாலாடைக்கட்டி, நறுக்கின முள்ளங்கி. முதல் கிளாஸ் சிவப்பு, செர்ரிப் பழம் போட்டு ஊறவைத்தது. இரண்டாவது, இளசும் பழசும் கலந்து பாட்டிலில் அடைத்தது, பொங்கி நுரைத்தது. மூன்றாவது பீப்பாயிலிருந்து நேரே பிடித்தது. நுரையே இல்லை.

"புதுசா வர்றவங்க சிவப்புலேர்ந்து ஆரம்பிக்கணும். பழம் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகும். முதல் வாயை நம்பாதீங்க. மூணாவது வாய்க்கு அப்புறம் பேசுங்க."

சிவப்பைக் குடித்தார். தோள் இரண்டும் காதுக்கு ஏறின. நுரையைக் குடித்தார், கண்ணில் தண்ணீர் வந்தது. மூன்றாவதை முகர்ந்தார். மாட்டுத் தொழுவம், ஈரச் சாக்கு, எங்கோ ஓரத்தில் எலுமிச்சைத் தோல். ஒரு வாய் வைத்தார்.

"அம்மா, இது கெட்டுப்போச்சு."

"எத்தனையாவது வாய்?"

"ஒண்ணு."

"இன்னும் ரெண்டு இருக்கே."

மூன்றாவது வாய்க்குப் பிறகு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நல்லதா கெட்டதான்னு இப்ப எனக்கே தெரியலம்மா."

"அப்ப முதல் பாடம் முடிஞ்சுது" என்று அவள் முள்ளங்கியைக் கடித்தாள்.

அவருக்குப் பாடம் முடியவில்லை. குழப்பம் அங்கேதான் ஆரம்பித்தது. மறுநாள் கேட்டார்: "கோதுமையும் பார்லியும் வேகவைக்கிறீங்க, ஆறவைக்கிறீங்க. புளிக்கணுமே, என்ன உறை ஊத்தறீங்க?"

லீவெ அவரை மச்சுக்கு ஏற்றிக்கொண்டு போனாள். ஓட்டுக்கூரைக்குக் கீழே, அறை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு பெரிய செம்புத் தாம்பாளம். கொதித்த கஞ்சித் தண்ணீரை ராமுழுக்க அதில்தான் ஆறவைப்பார்கள். அவள் ஜன்னலைத் திறந்தாள். காற்று வந்தது.

"உறை?" என்றார் மறுபடி.

"வந்துச்சே."

"காத்துல எது வந்து விழும்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எதை நம்பி மூணு வருஷம் பீப்பாய்ல வைக்கறீங்க?"

"குளிருது, கீழ போலாம்" என்று ஜன்னலைச் சாத்தினாள்.

ஞாயிறு பூசைக்கு முதியோர் இல்லத்துச் சிற்றாலயத்துக்கு வந்த அமலதாஸ், சகோதரி பெனடிக்டாவிடம் முறையிட்டார். "சிஸ்டர், அந்தம்மாகிட்ட எதைக் கேட்டாலும் ஒண்ணு சிரிக்குது, இல்ல ஜன்னலைச் சாத்துது. எனக்கு ஒண்ணும் விளங்கல."

ஜூலை மாதம் வந்தது. செர்ரிப் பழம் பார்க்க லீவெ தோட்டத்துக்குப் போயிருந்தாள். அமலதாஸ் ஒவ்வொரு பீப்பாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பீப்பாயின் முகத்தில் ஒரு சின்ன ஆணி இருக்கும். அதைப் பிடுங்கினால் ஊசி மாதிரிப் பீர் பாயும். கிளாஸில் பிடித்துக்கொண்டு ஆணியைத் திருப்பி அடித்துவிட வேண்டும்.

பதினொன்றாம் பீப்பாயில் ஆணியைப் பிடுங்கினார். பாயவில்லை. விளக்கெண்ணெய் மாதிரி வழிந்தது. கிளாஸைத் தள்ளிப் பிடித்தால் நூல் நூலாக நீண்டது.

பாலோ, தயிரோ, நேற்றைய சோறோ, நூல் விட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். அவருக்கு முகரக்கூட வேண்டியிருக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவருக்கு உறுதியாகத் தெரிந்த ஒரு விஷயம். "திருப்பு" என்று சத்தமாகவே சொன்னார். அடைப்பை உருவி, பீப்பாய் முழுவதையும் சாக்கடையில் விட்டார்.

மத்தியானம் லீவெ வந்தாள். கை இரண்டும் செர்ரிக் கறை.

"பதினொண்ணு என்னாச்சு?"

"நூல் விட்டுடுச்சும்மா. மத்ததுக்குத் தொத்தறதுக்குள்ள கொட்டிட்டேன். கொதிதண்ணி ஊத்தி மூணு தடவை கழுவியாச்சு."

சபாஷ் வரும் என்று நின்றார். லீவெ பீப்பாயின் மேல் உள்ளங்கையை வைத்தாள். மரம் இன்னும் சூடாக இருந்தது.

"நல்லாத்தான் கழுவியிருக்கீங்க" என்றாள்.

பிறகு பக்கத்துப் பன்னிரண்டாம் பீப்பாயின் ஆணியைப் பிடுங்கினாள். பதினொன்றும் பன்னிரண்டும் ஒரே நாளில், ஒரே தாம்பாளத்தில் ஆறினவை. அதே எண்ணெய், அதே நூல். அமலதாஸ் அடைப்பை உருவக் குனிந்தார். அவள் அவர் தோளைத் தொட்டு நிறுத்திவிட்டு, கிளாஸில் இருந்ததைக் குடித்தாள்.

"அம்மா! வயித்துக்கு ஆகாது!"

"இதை நாங்க சீக்குன்னு சொல்லுவோம். கோடையில சிலதுக்கு வரும்."

"சீக்குன்னா மருந்து?"

"இல்ல."

"கலக்கிவிடணுமா?"

"தொடக்கூடாது."

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஒரு வாய் குடிக்கணும். எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லணும். கிறிஸ்துமஸுக்கு முன்னால ஒண்ணு கேட்பேன்: சீக்கு எது, சாவு எது. சொல்லிட்டா நிலவறை உங்களுக்கு."

"இது எனக்குத் தண்டனையா?"

"வாய்க்கு அப்படித்தான் இருக்கும்" என்றாள்.

சனிக்கிழமைகள் வந்தன. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு குடிப்பார். அவளும் கூடவே ஒரு வாய் குடிப்பாள்.

"எப்படி?"

"எண்ணெய்."

அடுத்த வாரம்: "கோந்து."

செப்டம்பரில்: "மூக்குச் சிந்தின மாதிரி இருக்கும்மா."

"மெதுவா சொல்லுங்க. பன்னிரண்டு காதுல விழுந்துடப் போகுது."

மகளுக்குக் கோபம். "உங்களை வெச்சு வேடிக்கை பார்க்கறாங்கப்பா."

"அதுதான் எனக்கும் சந்தேகம். ஆனா அந்தப் புள்ளையும் சேர்ந்துல்ல குடிக்குது?"

அக்டோபர் கடைசியில் கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இது செத்துப்போச்சு. என் மூக்கு மேல சத்தியம்."

"அடுத்த சனிக்கிழமை சொல்லுங்க."

அடுத்த சனிக்கிழமையும் அப்படியேதான் இருந்தது. அதற்கடுத்த வாரம், விழுகிற நூல் பாதியில் அறுந்தது. தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தார். நவம்பர் முடிவதற்குள் சொட்டுச் சொட்டாக விழுந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை ஆணியைப் பிடுங்கினதும் பளிச்சென்று தண்ணீர் மாதிரிப் பாய்ந்து அவர் சட்டையை நனைத்தது.

முதல் வாய், பச்சை மாங்காய். இரண்டாவது, மழை நின்ற பிறகு கல்லில் வருமே, அந்த வாசம். மூன்றாவதுக்கு அவரிடம் பேர் இல்லை. அந்த நிலவறையில் அதுவரை அவர் வாயில் வைத்ததிலெல்லாம் அதுதான் ஒசத்தி. ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருந்தது. லீவெ கேட்டாள்.

"சீக்கு எது, சாவு எது?"

அமலதாஸ் எழுந்து நின்றார். "தெரியலம்மா. இது செத்துப்போச்சுன்னு சத்தியமே பண்ணினேன். பால்ல எனக்குத் தெரியும். இங்க தெரியல." ஏப்ரனை அவிழ்த்து மடித்து பீப்பாய் மேல் வைத்தார். "பாட்டில் கழுவப் போறேன்."

வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ரெண்டும் ஒரே தாம்பாளத்துல ஆறினது. அந்தப் பதினொண்ணும் இப்படி ஆகியிருக்குமா?"

"தெரியாது."

"உங்களுக்குமா தெரியாது?"

"பன்னிரண்டு தேறும்னே எனக்குத் தெரியாதே, தாஸ்."

"அப்ப எதை வெச்சு அதைக் கொட்டாம விட்டீங்க?"

லீவெ ஏப்ரனை எடுத்து உதறி, அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"கொட்டணும்னா நாளைக்கும் கொட்டலாமே."

அமலதாஸ் குனிந்து பதிமூன்றாம் பீப்பாயின் ஆணியைத் தேடினார்.

இதைக் கேட்ட நீங்கள் அவருக்காக ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுங்கள்.