கேளையாடு திரும்பிப் பார்ப்பது ஏன்

அந்தக் காலத்தில் கேளையாட்டுக்குக் குரைக்கத் தெரியாது. ஓடத் தொடங்கினால் நடுவில் நின்று திரும்பிப் பார்க்கும் பழக்கமும் அதற்கு இல்லை. மனிதரும் விலங்கும் ஒரே பேச்சைப் பேசிய காலம் அது. மான் இனத்தில் சிறியதான கேளைக்குக் குரலும் சிறியது. பக்கத்தில் வந்து நின்றுதான் எதையும் சொல்லும்.

மலையின் மேற்குச் சரிவில் கொப்பையன் என்பவன் காட்டைத் திருத்திச் சாமை விதைத்திருந்தான். அவன் மனைவி சீரங்காயி. அந்தச் சாமையை விட்டால் இருவருக்கும் வேறு சோறு இல்லை. காட்டுப்பன்றிகளுக்கும் அந்தச் சாமை பிடித்துப்போயிற்று. ஆகவே கொப்பையன் ஒரு பெண் கேளையோடு ஏற்பாடு செய்துகொண்டான். பொழுது சாயும் நேரத்தில் பன்றிகள் இறங்கினால் கேளை குடிசைக்கு ஓடிவந்து சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக அது தன் குட்டியோடு வயலோரப் புல்லில் படுத்துக்கொள்ளலாம். மனித வாடை அடிக்கும் இடத்துக்குச் சிறுத்தை வராது. குட்டி பிறந்து கால் ஊன்றிய நாளிலிருந்து அங்கேதான் வளர்ந்தது.

ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது, கொப்பையன் குழி வெட்டும்வரை.

பன்றிகள் வரும் தடத்தில் ஆள் ஆழத்துக்கு வெட்டி, மேலே மூங்கில் பிளாச்சுகளைப் பரப்பி, சருகு தூவி மறைத்தான். வெட்டும்போது கேளை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அன்று மாலை வந்த பன்றிகள் குழிக்கு முன்னால் ஒரு கணம் நின்றன. பிறகு இரண்டு பக்கமும் பிரிந்து, சுற்றிக்கொண்டு போய், வயிறு நிறையத் தின்றுவிட்டுப் போயின.

"அதுங்களுக்கு யாரோ சொல்லியிருக்காங்க" என்றான் கொப்பையன்.

"யாரு சொல்லுவா?"

"வெட்டுறப்ப யாரு பக்கத்துல நின்னு பாத்தா?"

சீரங்காயி களி கிண்டுவதை நிறுத்தினாள். "கேளையவா சொல்ற? பன்னி வருதுன்னு ஓடியாந்து சொன்னதே அதுதான."

"சொல்லும். இங்கயும் சொல்லும், அங்கயும் சொல்லும்."

"பன்னிக்கு மூக்கு இருக்குது. புது மண்ணு வாசம் அதுக்குத் தெரியாதா?"

அன்றிலிருந்து கேளை பக்கத்தில் வந்தால் கொப்பையன் பேச்சைப் பாதியிலேயே விழுங்கினான்.

முன்பு ஒருமுறை தேன் விற்க அடிவாரச் சந்தைக்குப் போனபோது, பாளையக்காரரின் சேவகன் ஒருவன் நீண்ட இரும்புக் குழலைத் தோளில் சாய்த்து நின்றதைக் கொப்பையன் பார்த்திருந்தான். குழல் புகைந்தது, சத்தம் கேட்டது, மேலே வட்டமிட்ட பருந்து கீழே விழுந்தது. கண்ணால் கண்டது அவ்வளவுதான்; வெடிமருந்து எதில் ஆனது என்பதை மட்டும் சந்தையில் வாணம் விற்றவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தான். அந்தத் துப்பாக்கியை அவன் தொட்டதுகூட இல்லை. என்றாலும் அரிவாளும் கொழுவும் தானே அடித்துக்கொள்ளும் கை அவனுடையது. மரத்தடியில் உலை இருந்தது, ஆட்டுத்தோல் துருத்தி இருந்தது. தானும் ஒன்று செய்துவிடலாம் என்று நினைத்தான்.

பட்டையாக அடித்த இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு கம்பியின் மேல் சுற்றி, வெங்காரம் தூவி, ஓரத்தோடு ஓரம் ஒட்டும்படி அடித்தான். முதல் குழல் ஆறியதும் வெள்ளரிப்பழம் போல வெடித்து வாய் பிளந்தது. அடுத்தது வளைந்தது. அதற்கடுத்ததில் கம்பி உள்ளேயே மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. குழலும் கம்பியும் ஒன்றாகிவிட்ட அந்த இரும்பைக் கொப்பையன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடப்பாரையாக வைத்துக்கொள் என்று சீரங்காயியிடம் கொடுத்தான். பிறகுதான் கம்பிக்குக் களிமண் பூசிச் சுற்ற வேண்டும் என்று அவனுக்குப் புத்தியில் பட்டது. அப்படிச் சுற்றிய குழல் நேராக வந்தது. ஒரு முனையில் இரும்பு முளையை இறுக்கி அடித்து அடைத்தான். அடைத்த முனைக்குப் பக்கத்தில், நெருப்பு உள்ளே போக ஓர் ஊசித்துளை போட்டான். துளையின் வெளிவாயில் ஒரு சிறு கிண்ணம் பதித்தான்.

கேளை இதையெல்லாம் புல்லில் இருந்து பார்த்தது. பார்க்கப் பார்க்க அதன் காதுகள் நிமிர்ந்தன. ஒருநாள் குட்டியைப் புல்லில் விட்டுவிட்டு உலைக்களத்துக்கு வந்தது.

"அண்ணா, என்ன அது?"

"ஊதுகுழல்."

"துருத்தி இருக்கிறவருக்கு ஊதுகுழல் எதுக்கு?"

"எனக்கில்ல. அவளுக்கு, அடுப்பு ஊத."

கேளை குழலின் வாயை மோந்து பார்த்தது. பிறகு மறுமுனைக்குப் போய் அதையும் மோந்தது. "இந்தப் பக்கம் அடைச்சிருக்குதே. காத்து எப்படிப் போவும்?"

"வேலை இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டுக் கொப்பையன் சுத்தியலை ஓங்கினான். அந்தச் சத்தத்தில் பேச முடியாது என்பது இருவருக்கும் தெரியும்.

கேளை நேராகக் குடிசைக்குப் போனது. சீரங்காயி மூங்கில் குழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அண்ணன் உனக்கு இரும்புல ஊதுகுழல் பண்றாராமே."

"இரும்புல ஊதுனா உதடு வெந்துபோவும். எந்தக் கிறுக்கி கேட்டா?" என்று சொன்ன பிறகுதான் சீரங்காயிக்கு நிலைமை புரிந்தது. குழலைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட ஏன் கேக்கற? அவருகிட்டயே கேளு."

"கேட்டேன். ஊதுகுழல்னு சொன்னாரு."

சீரங்காயி அடுப்பைப் பார்த்தாள். கேளை போன பிறகு புருஷனிடம் போய், "அதுகிட்ட உள்ளதைச் சொல்லிரு. பிள்ளைய வச்சுக்கிட்டு அது பயந்து சாவுது" என்றாள்.

"அதுகிட்டச் சொன்னா பன்னிக்குச் சொன்ன மாதிரி."

"உனக்கு மண்டைக்குள்ள பன்னி பூந்திருக்குது" என்றாள் அவள்.

கேளையின் மனம் ஓயவில்லை. குகையில் தொங்கும் வௌவாலிடம் போய் விசாரித்தது. கொப்பையன் கூடை கூடையாகக் குகை மண்ணை அள்ளிப்போனதாகவும், சாமைக்கு எரு என்று சொன்னதாகவும் வௌவால் சொன்னது. கேளை வயலுக்கு வந்து பார்த்தது. அந்த மண் வயலில் ஒரு பிடிகூட விழுந்திருக்கவில்லை. குடிசைக்குப் பின்னால் அதைப் பானையில் கரைத்து வடிகட்டி, காய்ச்சி, வெள்ளையாக உப்பு எடுத்துக்கொண்டிருந்தான் கொப்பையன். பக்கத்தில் எருக்கங்கட்டையைச் சுட்ட கரி. ஓர் இலையில் மஞ்சளாக ஏதோ ஒரு கல், மூக்கைச் சுளிக்கவைக்கும் வாடையோடு.

"இது என்ன அண்ணா?"

"பல்லு வெளக்க."

கேளை அவன் பற்களைப் பார்த்தது.

குழி வெட்டிய நாளிலிருந்துதான் அவன் பேச்சு மாறியது என்று நினைவு வர, மறுநாள் அது பன்றிகளிடமே போனது. பன்றிக் கூட்டத்துக்குத் தலைவன் ஒரு கிழப்பன்றி. சேற்றில் படுத்திருந்த அது தலையை மட்டும் தூக்கியது.

"வாம்மா காவக்காரி. எங்களைக் காட்டிக்குடுத்துட்டு எங்ககிட்டயே வந்திருக்க. சோலி என்ன?"

"ஒரே ஒரு விசயம் கேக்கணும். குழி இருக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"மூக்குதான். ஏன், நீ சொன்னன்னு நெனச்சுட்டானா?" கிழப்பன்றி சேறு தெறிக்கச் சிரித்தது. "அதான் சேதியா. உன்னை நம்பாதவன் உன் எதிருலயே ஏதோ செய்யுறான், என்னன்னும் சொல்ல மாட்டேங்கிறான். எங்களுக்குன்னா எங்களுக்குத் தெரியாமதான செய்வான்? உனக்குன்னாதான் உங்கிட்டப் பொய் சொல்லுவான்."

கேளை திரும்பி வந்தது. வழி முழுவதும் கொப்பையன் தன்னோடு பேச்சைக் குறைத்த நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தது. எல்லாம் பொருந்தி வந்தது. பன்றி சொன்னதை நம்பலாமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. குட்டியைக் கூட்டிக்கொண்டு அன்றே காட்டுக்குள் போயிருக்கலாம். ஆனால் காட்டில் சிறுத்தை இருந்தது. அந்தக் குழல் யாருக்கு என்று கண்ணால் பார்க்காமல் குட்டியை எங்கே படுக்கவைப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

கொப்பையன் வேலையை முடித்தான். வேங்கைக் கட்டையைச் செதுக்கி, தோளில் வைக்க வாகாகப் பிடி போட்டான். கடைசியாக, அரிவாளுக்குச் செய்வதுபோலவே, துருப்பிடிக்காமல் இருக்கக் குழலுக்கு விளக்கெண்ணெய் தடவினான். வெளியே தடவியது போதாதென்று உள்ளேயும் ஊற்றிக் குலுக்கி வடித்தான். இரும்பென்றால் எண்ணெய் போட வேண்டும் என்பது அவன் கைப்பழக்கம். ஊசித்துளைக்குள் எண்ணெய் தங்கும் என்று அவன் நினைக்கவில்லை.

அன்று மாலை, அந்த உப்பும் கரியும் மஞ்சள் கல்லும் சேர்த்து அரைத்த கருமருந்தைக் குழலின் வாய் வழியாகக் கொட்டினான். ஈச்ச நாரைச் சுருட்டி வைத்து, கம்பியால் இடித்துக் கெட்டித்தான். இரும்புத் துண்டுகளைப் போட்டு மறுபடியும் நார் வைத்து இடித்தான். பக்கக் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை மருந்து வைத்தான். துப்பாக்கியை வயலோரக் கல்கட்டின் மேல் சாய்த்து, அந்த வெள்ளை உப்பில் ஊறிய திரியைப் பற்றவைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான்.

கீழ்ப்பக்கத்துப் புதரை விலக்கிக்கொண்டு பன்றிகள் இறங்குவதைக் கேளைதான் முதலில் பார்த்தது. கால்கள் பழக்கத்தில் குடிசைப் பக்கம் திரும்பின. அது அவற்றை நிறுத்தியது. சொன்னால் அவன் அந்தக் குழலை எடுப்பான். எடுத்தால் எந்தப் பக்கம் திருப்புவான்? முதலில் அதைப் பார்க்க வேண்டும். குட்டியைப் பின்னால் வரச்சொல்லிவிட்டு, தலையைத் தாழ்த்தி, புல்லுக்குள்ளேயே அவன் உட்கார்ந்திருந்த கல்கட்டை நோக்கி ஊர்ந்து நடந்தது.

கொப்பையன் புல் அசைவதைக் கண்டான். கேளை வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. புல்லோ அசைகிறது. பன்றி வந்திருக்கிறது, இவள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று அவன் முடிவு செய்தான். குழலை அசைவுக்கு நேராகத் திருப்பி, திரியைக் கிண்ணத்தில் வைத்தான்.

கிண்ணத்து மருந்து குப்பென்று எரிந்தது. வெடி வரவில்லை. ஊசித்துளையில் தங்கிய எண்ணெயில் நனைந்த மருந்துக்குள் நெருப்பு திணறித் திணறி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அந்த வெளிச்சத்தில் கேளை பார்த்தது. குழலின் வாய் தனக்கு நேராக இருந்தது. அதற்குப் பின்னால் கொப்பையனின் முகம், ஒரு கண் மூடி. கேளை ஒரு பக்கம் பாய்ந்தது. குட்டி மறுபக்கம் பாய்ந்தது.

அதே வெளிச்சத்தில் கொப்பையனும் பார்த்தான். செம்பட்டை முதுகு, அதற்குப் பின்னால் சின்னதாக இன்னொன்று. முழங்கையால் குழலை மேலே தள்ளினான். அப்போதுதான் வெடித்தது. வேங்கை மரத்தின் கிளையொன்று முறிந்து விழுந்தது. அவன் மல்லாந்து கிடந்தான்.

ஓடிக்கொண்டிருந்த கேளை அந்தச் சத்தத்தில் நின்றது. பிறந்ததிலிருந்து ஓட்டத்தின் நடுவில் அது நின்றதில்லை. திரும்பிப் பார்த்தது. குழலின் வாய் வானத்தைப் பார்த்துப் புகைந்துகொண்டிருந்தது. அது எப்போது மேலே போனது என்று கேளைக்குத் தெரியவில்லை. வெடிக்கும் முன்பா, வெடித்த வேகத்திலா?

"நான்னு தெரியுமா உனக்கு?" என்று அங்கிருந்தே கேட்டது. அதுவரை அண்ணா என்று கூப்பிட்ட வாய்.

கொப்பையன் எழுந்து உட்கார்ந்தான். "தெரியாது தாயி. சத்தியமா பன்னின்னு நெனச்சேன். நீன்னு பாத்ததும் தூக்கிட்டேன்."

"தூக்குனியா, தூக்கி அடிச்சதா?"

"தூக்கினேன்."

"இது என்னன்னு கேட்டப்ப என்ன சொன்ன?"

இத்தனை நாளில் கொப்பையன் அதனிடம் சொன்ன முதல் உண்மை, தூக்கினேன் என்பதுதான். பொய்களோடு சேர்ந்து நின்றதால் அதுவும் பொய் போலவே இருந்தது.

கேளை குட்டியைத் தேடியது. எங்கும் காணவில்லை. கூப்பிட்டது. அந்த மெல்லிய குரல் புகைக்குள்ளேயே அடங்கிப்போனது. இன்னும் பலமாகக் கூப்பிட்டது. புகை தொண்டையில் ஏறிக் கமறியது. அடிவயிற்றிலிருந்து எக்கி எக்கிக் கத்தியபோது உள்ளே ஏதோ கிழிந்தது. அதன் பிறகு வந்தது பேச்சு இல்லை. நாய் குரைப்பது போன்ற ஒரு சத்தம். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும், மறுபடியும். அந்தச் சத்தம் மலைச்சரிவு முழுவதும் கேட்டது. கடைசியில் ஓடைப் பள்ளத்திலிருந்து குட்டி எழுந்து வந்தது. உடம்பில் காயம் இல்லை. இரண்டும் காட்டுக்குள் போயின.

சீரங்காயி பந்தத்தோடு ஓடிவந்து புருஷனைப் பார்த்தாள், முறிந்த கிளையைப் பார்த்தாள், குரைப்புச் சத்தம் போன திசையைப் பார்த்தாள்.

"ஊதுகுழல் நல்லா ஊதுச்சா?" என்று கேட்டாள்.

வயலின் கீழ்ப்பக்கத்தில் பன்றிகள் அவசரமில்லாமல் சாமையை மென்றுகொண்டிருந்தன.

அதன் பிறகு பொழுது சாய்ந்தால் கொப்பையனே மரத்தில் பரண் கட்டி ஏறி உட்கார வேண்டியிருந்தது. ஊசித்துளையைத் துடைத்து வைக்கக் கற்றுக்கொண்டான். சில பன்றிகளைச் சுட்டான். கேளையைப் பார்த்தபோதெல்லாம் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தான். அது பதில் பேசவில்லை. மற்ற விலங்குகளும் அவனோடு பேசுவதை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டன.

அந்த மாலையிலிருந்துதான் கேளையாடு சந்தேகம் தட்டினால் விட்டுவிட்டுக் குரைக்கிறது. ஆளைக் கண்டால் பாய்ந்து ஓடி, கொஞ்ச தூரத்தில் நின்று, ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது. குழலின் வாய் மேலே போகிறதா, தன் பக்கம் வருகிறதா என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். வேட்டைக்குப் போகிறவர்கள் அது அப்படி நிற்கும் அந்த நொடிக்காகத்தான் காத்திருக்கிறார்கள்.