கரையைக் குடைந்த பெருச்சாளி

காட்டோரத்தில் ஒரு பெரிய ஏரி இருந்தது. அதன் கரைக்குள் வளை தோண்டி மூக்கன் என்ற பெருச்சாளி வாழ்ந்து வந்தது.

கரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர். அந்தப் பக்கம் சரிவு, சரிவுக்குக் கீழே நெல்வயல். அறுவடைக் காலத்தில் மூக்கன் ஓய்வே எடுக்காது. விளைந்த கதிர்களைக் கடித்து இழுத்து வந்து வளைக்குள் அடுக்கும். ஓர் அறை நிறைந்தால் அடுத்த அறையைத் தோண்டும். அப்படி ஏழு அறைகள் ஆகிவிட்டன. ஏழாவது அறை, தண்ணீர்ப் பக்கத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது.

இவ்வளவு இருந்தும் மூக்கன் வயிறாரச் சாப்பிட்டதில்லை. உளுத்துப்போன நெல்லைத் தேடிப் பிடித்துத் தின்னும். நல்ல நெல்லை நாளைக்கு என்று வைக்கும்.

ஒரு காலத்தில் அதற்கு மனைவி இருந்தாள், நான்கு பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் சாப்பிடும்போது மூக்கன் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் பார்த்துக்கொண்டிருக்கும். பிள்ளைகள் மெல்லும் சத்தம் கேட்டால் அதற்கு நெஞ்சை அடைக்கும். மனைவி இரண்டு வருடம் பொறுத்தாள். ஒரு கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஏரிக்குப் போய்விட்டாள். போகும்போது ஒரு கதிரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் மூக்கனுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகு வளை மிகவும் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தது. ஓர் அறையில் தும்மினால் ஏழாவது அறை வரைக்கும் கேட்டது. பேச ஆள் இல்லாமல் அதன் குரலே கம்மிப்போனது.

போன வருடம் மழை பொய்த்தது. ஏரி வறண்டு பாளம் பாளமாக வெடித்தது. கரைச் சரிவில் தாழம்புதருக்குள் வெள்ளையம்மா என்ற கானாங்கோழி குடியிருந்தாள். அவளுக்கு நான்கு குஞ்சுகள். சேற்றில் புழு பூச்சி எதுவும் கிடைக்காமல் அவள் மூக்கனின் வளை வாசலுக்கு வந்தாள். ஒரு பிடி நெல் போதும் என்றாள். மழை வந்ததும் திருப்பித் தந்துவிடுவதாகச் சொன்னாள்.

மூக்கன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. "என்கிட்ட எதுவும் இல்லை. என் வயித்துக்கே பத்தலை" என்றது.

அது பேசும்போது அதன் மீசையில் உமி ஒட்டியிருந்தது. வெள்ளையம்மா அதைப் பார்த்தாள். அப்படியே திரும்பிப் போனாள். அந்த வாரத்தில் இரண்டு குஞ்சுகள் செத்தன. அதற்குப் பிறகு அவள் அந்த வாசல் பக்கமே வரவில்லை.

இந்த வருடம் நல்ல மழை. ஐப்பசியில் தொடங்கிய மழை நிற்காமல் பெய்து ஏரியை நிரப்பியது. ஒரு நாள் காலையில் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் வழிந்தோடத் தொடங்கியது. அப்படி வழியும் நாள்தான் அந்த ஏரியின் பிராணிகளுக்குத் திருநாள். அன்றைக்கு எல்லோரும் கலங்கலுக்குப் பக்கத்தில் கூடுவார்கள். அவரவரிடம் இருப்பதைக் கொண்டுவருவார்கள். கொக்கு மீன் கொண்டுவரும். காட்டுப்பன்றி கிழங்கு கொண்டுவரும். நண்டுகள் நத்தைகளை உருட்டி வரும். வீட்டுக்கு ஒரு தாமரை இலை போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பங்கு வைப்பார்கள். வராத வீட்டுக்கும் ஓர் இலை உண்டு.

மூக்கன் ஒரு வருடம்கூடப் போனதில்லை. போனால் எதையாவது கொண்டுபோக வேண்டுமே. ஆனால் எல்லோரும் கலைந்துபோன பிறகு மிச்சம் மீதி கிடக்குமா என்று பார்க்கப் போகும். அன்றைக்குச் சீக்கிரமாகவே போய்விட்டது. விருந்து இன்னும் ஆரம்பிக்கவில்லை. நாணல் மறைவில் பதுங்கிக்கொண்டது.

ஏரியிலேயே வயதில் மூத்த ஆமையார் வரிசையாக இலை போட்டுக்கொண்டிருந்தார். கடைசி இலையைப் போட்டுவிட்டு, "இது மூக்கனுக்கு" என்றார்.

"வேண்டாம், எடுத்துடுங்க" என்றாள் வெள்ளையம்மா.

அவள் குரலில் கோபம் இல்லை. வருஷா வருஷம் அந்த இலைக்கு முன்னால் யாரும் வந்து உட்கார்ந்ததில்லை, அந்தப் பங்கை வேறு யாருக்காவது வைக்கலாம் என்று அமைதியாகச் சொன்னாள். ஆமையார் ஒரு கணம் யோசித்தார். பிறகு இலையை எடுத்துத் தண்ணீரில் விட்டார். அது மிதந்து போனது.

யாராவது ஒருவர் மறுத்துப் பேசுவார்கள் என்று மூக்கன் காத்திருந்தது. யாரும் பேசவில்லை. கொக்கு மீனைப் பங்கு வைக்கத் தொடங்கியது. யாரோ ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

போனால் போகட்டும், எனக்கென்ன குறை என்று முணுமுணுத்துக்கொண்டே மூக்கன் வளைக்குத் திரும்பியது. ஆனால் போகும் வழியில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தது.

வளைக்குள் நுழைந்ததும் அதன் கால்கள் நனைந்தன.

ஏழாவது அறையின் சுவரில் கசிவு கண்டிருந்தது. மூக்கன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண் பிளந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் பீய்ச்சியது. அறைக்கு அறை வழி வைத்திருந்ததால் தண்ணீர் ஒவ்வொன்றாகப் புகுந்து வந்தது. மூக்கன் வெளியே ஓடி வயல் பக்கச் சரிவில் இறங்கிப் பார்த்தது. அங்கே மண் ஊறித் தொளதொளவென்று கிடந்தது. ஓர் ஓட்டை வழியாகச் சேறு கலந்த தண்ணீர் வந்தது. தண்ணீரோடு நெல்மணிகளும் வந்தன.

அந்த ஓட்டைக்கு நாலடி கீழே வெள்ளையம்மாவின் கூடு. அதில் மூன்று முட்டைகள் இருந்தன. ஒரு முட்டையின் மேல் ஒரு நெல் ஒட்டிக்கொண்டிருந்தது.

மூக்கனுக்கு எல்லாம் புரிந்தது. ஏழு அறை தோண்டித் தோண்டிக் கரையையே வெற்றுக் கூடாக்கி வைத்திருந்தது அதுதான். பொழுது சாய்வதற்குள் கரை உடைந்துவிடும். ஏரி முழுக்க இந்தச் சரிவு வழியாக ஓடிப்போகும்.

பக்கத்திலேயே ஒரு பாறைமேடு இருந்தது. இப்போதே ஆரம்பித்தால் வெளிப்பக்கத்து மூன்று அறை நெல்லையாவது அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். மூக்கன் வாய் நிறையக் கதிரைக் கவ்விக்கொண்டு மேட்டில் ஏறியது. பாதி வழியில் நின்றது.

மேட்டின் மேல் யாரும் இல்லை. நாளைக்கு அங்கே நெல்லுக்குப் பக்கத்தில் தான் மட்டும் உட்கார்ந்திருப்பதை அது நினைத்துப் பார்த்தது. கீழே ஏரி இருக்காது. கலங்கலில் சிரிக்கும் சத்தமும் இருக்காது. அந்தச் சத்தத்தை இத்தனை வருடமாக மறைவில் இருந்து கேட்டுக்கொண்டுதான் தான் வாழ்ந்து வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அதற்குத் தெரிந்தது.

கதிரைக் கீழே போட்டுவிட்டுக் கலங்கலைப் பார்த்து ஓடியது.

விருந்து நடுவில் போய் நின்று கத்தப் பார்த்தது. குரல் எழும்பவில்லை. முதலில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூக்கன் இன்னும் கிட்டே போய் ஆமையாரின் முதுகு ஓட்டைத் தட்டியது.

"கரை உடையப் போகுது. நான் தோண்டின வளையாலதான். வெள்ளையம்மா கூட்டுக்குப் பக்கத்துல தண்ணி வந்துடுச்சு."

வெள்ளையம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டுப் பறந்தாள். மற்றவர்களும் எழுந்து ஓடினார்கள். திட்டுவதற்குக்கூட யாருக்கும் நேரம் இல்லை.

எந்த அறை எங்கே இருக்கிறது என்பது மூக்கனுக்கு மட்டும்தான் தெரியும். கரையின் மேல் நடந்து இங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று காலால் கீறிக் காட்டியது. காட்டுப்பன்றி மேலே இருந்து மிதித்து அறைகளை உள்ளே இடித்துத் தள்ள வேண்டும், நண்டுகள் களிமண் கொண்டுவந்து அடைக்க வேண்டும் என்று ஆமையார் சொன்னார்.

காட்டுப்பன்றி முதல் கோட்டில் கால் வைத்துவிட்டுத் தயங்கியது. "உள்ள உன் நெல்லு இருக்கே, மூக்கா."

"இருக்கட்டும். மிதிங்க" என்றது மூக்கன்.

அறைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. ஐந்து அறைகள் மண்ணுக்குள் போயின. ஒவ்வொன்றும் சரியும்போது மூக்கன் கண்ணை மூடிக்கொண்டது. ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை. ஓட்டையை அடைக்க நார் எதுவும் கிடைக்காதபோது, மிச்சமிருந்த அறைகளிலிருந்து கட்டுக் கட்டாகக் கதிர்களை இழுத்து வந்து அதில் திணித்தது. அதன் மேல் நண்டுகள் களிமண் அப்பின. நடுவில் மூக்கன் கீழே இறங்கிக் கூட்டைச் சுற்றி மண்ணால் ஒரு வரப்புப் போட்டது. வெள்ளையம்மா முட்டைகளின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கால்மாட்டில் தண்ணீர் ஓடியது. அவள் மூக்கனைப் பார்க்கவில்லை.

வெயில் தாழும் நேரத்தில் கசிவு நின்றது. கரை தப்பியது.

இரண்டு அறைகளில் மட்டும் கொஞ்சம் நெல் மிஞ்சியது. அதுவும் நனைந்திருந்தது. மூக்கன் எல்லாவற்றையும் வெளியே வாரிப் போட்டு எல்லோரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னது. சேறும் சகதியுமாகக் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இப்படித் தோண்டுவதற்கு முன்னால் ஏரியை நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா என்று ஆமையார் நன்றாகவே கண்டித்தார். மூக்கன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டது. ஒருவர் தன்னைத் திட்டுவதைக் கேட்டே எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

வெள்ளையம்மா மட்டும் அந்த நெல்லைத் தொடவில்லை. மூக்கன் கூட்டுக்குச் சற்றுத் தள்ளி வந்து நின்றது.

"போன வருஷம் நீ கேட்டப்போ நான் குடுத்திருக்கலாம், தங்கச்சி" என்றது.

"குடுத்திருக்கலாம்" என்றாள் அவள்.

மூக்கன் பாறைமேட்டின் அடியில் ஒரே ஓர் அறையோடு வளை தோண்டிக்கொண்டது. தினமும் காலையில் வயலுக்குப் போய், அகப்பட்டதில் பாதியைத் தாழம்புதர் ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகும். முதல் நாள் வைத்தது அப்படியே கிடந்தது. இரண்டாம் நாளும் அப்படித்தான். அது வைப்பதை நிறுத்தவில்லை. முட்டைகள் பொரிந்தன. மூன்று குஞ்சுகளும் கரிக்கட்டை மாதிரி கறுப்பாகத் துறுதுறுவென்று ஓடித் திரிந்தன.

ஒரு நாள் மூக்கன் நெல்லை வைத்துவிட்டுத் திரும்பும்போது வெள்ளையம்மா கூப்பிட்டாள்.

"அண்ணே, இதுங்களுக்கு உமி உரிக்கத் தெரியலை. நீங்களே உக்காந்து உரிச்சுக் குடுங்க."

மூக்கன் உட்கார்ந்தது. ஒவ்வொரு நெல்லாகப் பல்லால் உரித்து அரிசியைக் கீழே போட்டது. குஞ்சுகள் அதன் வாலை மிதித்துக்கொண்டு கொத்தின. வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தது. போக எழுந்தபோது வெள்ளையம்மா, இறந்துபோன இரண்டு குஞ்சுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பெரியதற்குத் தண்ணீர் என்றால் பயமாம். சின்னது எப்போதும் அவள் இறக்கைக்குள்தான் தூங்குமாம். அதுவரை அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை.

மூக்கன் மறுபடியும் உட்கார்ந்து, அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டது.

தனக்கென்று மட்டுமே சேர்த்து வைப்பவர் வீட்டில் எல்லாம் நிறைந்திருந்தாலும் கூப்பிட ஓர் ஆள் இருக்காது. இருப்பதைப் பகிர்ந்துகொள்பவருக்கே துணை கிடைக்கும்.