ஏழாவது அழைப்பு

லோடு ஆட்டோ ஓட்டும் சன்னாசி ஏழாவது அழைப்பைத்தான் எடுத்தான். முகம் தெரியாத யாரோ ஒரு இன்ஸ்பெக்டர். வீடு மாறுகிறாராம்.

"ஓட்டிட்டிருக்கேன் ஐயா."

"ஓட்டினா என்ன, பேச வாய் இல்லையா? பீரோ ஏத்தணும், சீக்கிரம் வா."

அடுத்த ரவுண்டானாவில் போலீஸார் வண்டியை மறித்தார்கள். சோதனையைப் பார்க்க டி.எஸ்.பி. அம்மாவும் வந்திருந்தார். அவருக்குக் கேட்கும்படி அங்கிருந்த இன்ஸ்பெக்டர் கத்தினார்.

"போன் பேசிட்டே ஓட்டுறியா? லைசென்ஸை எடு. மூணு மாசம் நீ வண்டியைத் தொடக்கூடாது."

அதே குரல். மூன்று மாதம் வண்டி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. இவரைக் காட்டிக்கொடுத்தாலோ, இந்த ஊரில் வண்டியே ஓட்ட முடியாது. லைசென்ஸை நீட்டினான்.

"தப்புதான் ஐயா. ஓட்டுறேன்னு சொல்லியும் விடாம பேசினவரை யார் கேக்கிறது?"

டி.எஸ்.பி. நெருங்கி வந்தார். "யார் அந்த ஆள்?"

"பேர் தெரியாதுங்கம்மா. நம்பர் இருக்கு."

"போடுங்க. நானே பேசுறேன்."

சன்னாசி போட்டான். இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையில் மணியடித்தது. அவர் அசையவில்லை. மணி நிற்கவும் இல்லை.

"எடுங்க ஐயா," என்றான் சன்னாசி பணிவாக. "நீங்க வண்டி ஓட்டலையே."