அரசரின் முட்டியும் குதிரையின் முட்டியும்

எந்த நாடு, எந்த ஆண்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் முன்பு ஒரு காலத்தில் கண்டீரவன் என்றோர் அரசர் இருந்தார் என்பதும், செவ்வாய்க்கிழமைதோறும் அவருக்குப் புதிதாக ஓர் ஆசை முளைக்கும் என்பதும் நிச்சயம்.

ஒரு செவ்வாயன்று, மலைக்கோயிலின் நூற்றெட்டுப் படிகளையும் குதிரைமேல் இருந்தபடியே ஏறி இறங்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. "மகாராசா ஏறினால் படிகளுக்கே பெருமை" என்றார் குதிரைப்படைத் தலைவர் உத்தண்டர். படிகளிடம் யாரும் கேட்கவில்லை. குதிரையிடமும் கேட்கவில்லை.

ஏறும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போது, சூறாவளி என்ற அந்தக் குதிரையின் இடது முன்னங்கால் பிசகி, முட்டி மடங்கி, அது சரிந்தது. அரசரும் சரிந்தார். குதிரைக்கு இடது முட்டி வீங்கியது. அரசருக்கும் இடது முட்டியே வீங்கியது.

அன்று மாலை, வீங்கிய காலை நீட்டிப் படுத்தபடி அரசர் சபையைக் கூட்டி, கண்கலங்கச் சொன்னார்: "சூறாவளியும் நானும் ஒன்று. என் முட்டிக்கு என்ன வைத்தியமோ அதுவே அதன் முட்டிக்கும். அதற்கு என்னவோ அதுவே எனக்கும். மயிரிழை வேறுபாடு இருந்தாலும் தலை போகும்!"

உத்தண்டர்தான் முதலில் கைதட்டினார். அரசாணைகளை எழுதும் ஓலைநாயகம் அதை எழுதி முத்திரை வைத்தார்.

அந்தச் சபையில் சாத்தப்பன் என்ற விகடகவி இருந்தான். அரசர் அவன் பேச்சுக்குச் சிரிக்கும்போதெல்லாம் உத்தண்டருக்கு வயிறு எரியும். இதுதான் சமயம் என்று அவர் எழுந்தார்.

"மகாராசா, குதிரைக்காரன் சடையாண்டி லாடத்தைச் சரியாக அடிக்காததால் வந்த வினை இது. இன்றிலிருந்து பத்தாம் நாள் திருவிழா. ஊர்வலத்தில் சூறாவளி நொண்டாமல் வரவேண்டும். வைத்தியத்தை நான் விதிக்கிறேன். மேற்பார்வைக்குச் சாத்தப்பனைப் போன்ற புத்திசாலிதான் தகுந்தவன்."

அரசர் தலையசைத்தார். ஊர்வலத்தில் குதிரை நொண்டாமல் வரவேண்டும், நொண்டினால் சடையாண்டியின் கால் வாங்கப்படும், சாத்தப்பன் நாடு கடத்தப்படுவான் என்று ஓலையில் இன்னும் இரண்டு வரி ஏறியது.

சாத்தப்பன் லாயத்துக்கு ஓடினான். சூறாவளி மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. நான்காவது காலின் நுனிக்குளம்பு மட்டும் தரையில் பட்டும் படாமலும் இருந்தது.

"தொட்டுப் பாருங்க சாமி, உலையாட்டம் கொதிக்குது" என்றான் சடையாண்டி. "நாப்பது நாள் அசையாம விட்டு, பச்சத்தண்ணி ஊத்திக்கிட்டே இருந்தா கூடிரும். தலைவரு முட்டியச் சுத்தி மூணு சூடு போட்டு, தினம் கோட்டையை ரெண்டு சுத்து ஓட்டச் சொல்றாரு. அப்படி ஓட்டுனா இது இனிமே நடக்காது. என் காலும் போயிரும்."

சாத்தப்பன் அந்த முட்டியைத் தொட்டான். குதிரையின் உடல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. அன்று அவன் ஒரு விகடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, பழுக்கக் காய்ச்சிய சூட்டுக்கோலை இரண்டு பேர் தூக்கிவர, சாட்டையுடன் ஒருவன் பின்தொடர, சாத்தப்பன் அரசரின் படுக்கையறைக்குள் நுழைந்தான். நலம் விசாரிக்க வந்திருந்த உத்தண்டரும் அங்கே இருந்தார்.

"என்ன இது?" என்றார் அரசர்.

"தங்கள் முட்டிக்கு மூன்று சூடு, மகாராசா. பிறகு கோட்டையைச் சுற்றி இரண்டு சுற்று ஓட்டம். தாங்கள் நின்றுவிடாதிருக்கச் சாட்டைக்காரர் பின்னாலேயே வருவார். முடிந்ததும் ஒரு படி கொள்ளு."

"உனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியமில்லை, வைத்தியம். சூறாவளிக்கு உத்தண்டர் விதித்தது. மயிரிழை வேறுபாடு இருந்தாலும் என் தலை போகும். தயவுசெய்து காலை நீட்டுங்கள், இரும்பு ஆறிவிடப் போகிறது."

"காலை அசைக்கவே கூடாது என்று அரண்மனை வைத்தியர் சொல்லியிருக்கிறாரே!"

"அப்படியானால் சூறாவளியும் அசையக் கூடாது. இரண்டில் எந்த வைத்தியம் என்று மகாராசாவே சொல்லிவிடட்டும்."

அரசர் இரும்பைப் பார்த்தார். இரும்பின் நிறம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"குதிரை வேறு, மகாராசா வேறு..." என்று உத்தண்டர் தொடங்கினார்.

"நானும் அதுவும் ஒன்று என்றபோது கைதட்டியது நீர்தானே?" என்றார் அரசர். "இருவருக்கும் அரண்மனை வைத்தியமே நடக்கட்டும்!"

அன்றிலிருந்து சூறாவளிக்கு ராசவைத்தியம். முட்டியில் ஈரத்துணி, அது காய்ந்ததும் நொச்சியிலைப் பற்று, கீழே மெத்துமெத்தென்று வைக்கோல். அரசருக்குச் சாமரம் வீசினார்கள் என்பதால் குதிரைக்கும் வீசினார்கள். ஈ தொல்லை குறைந்தது. அமைச்சர்கள் தினமும் அரசரை நலம் விசாரித்ததால், சாத்தப்பன் அவர்களை லாயத்துக்கும் அனுப்பினான். உத்தண்டர் ஒவ்வொரு காலையும் கைகட்டி நின்று, "முட்டி எப்படியுள்ளது?" என்று கேட்டார். சூறாவளி அவர்மேல் ஒருமுறை தும்மியதோடு சரி.

ஒன்பது நாளில் வீக்கம் வடிந்தது. ஆனால் கால் ஊன்றவில்லை. "நாளைக்கு நடக்க வெச்சா நொண்டும் சாமி. இன்னும் ஒரு மாசம் வேணும்" என்றான் சடையாண்டி. உத்தண்டர் அன்று யாரைப் பார்த்தாலும் புன்னகைத்தார்.

சாத்தப்பன் ஓலைநாயகத்திடம் போனான். ஓலையை வாங்கி மூன்று முறை படித்தான். பிறகு கோயில் திருப்பணிக்குப் பாறை ஏற்றும் பெரிய வண்டி எங்கே நிற்கிறது என்று விசாரித்தான்.

திருவிழாவன்று முதலில் அரசரின் பல்லக்கு வந்தது. அதன்பின் இரண்டு யானைகள் இழுக்க, அந்த வண்டி வந்தது. வண்டியில் வைக்கோல்மேல் மாலையோடு சூறாவளி படுத்திருந்தது. பக்கத்தில் தண்ணீர்க்குடத்துடன் சடையாண்டி. கூட்டத்தில் பாதிப்பேர் குதிரையைக் கும்பிட்டார்கள்.

"இது ஏமாற்று!" என்று உத்தண்டர் கத்தினார். "குதிரை நடக்கவில்லையே!"

"நடக்க வேண்டும் என்று ஓலையில் இல்லையே, ஐயா" என்றான் சாத்தப்பன். "நொண்டாமல் வரவேண்டும் என்றுதான் இருக்கிறது. வந்துவிட்டது. நொண்டுகிறதா என்று தாங்களே பார்த்துச் சொல்லுங்கள். மகாராசாவும் பல்லக்கில்தான் வருகிறார். அவர் நொண்டுகிறார் என்று யாராவது சொல்லத் துணிவார்களா?"

உத்தண்டர் குனிந்து குதிரையின் காலைப் பார்த்தார், பிறகு பல்லக்கைப் பார்த்தார்.

அரசர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்ததில் முட்டி வலித்தது. வலித்தும் நிறுத்த முடியவில்லை.

அடுத்த மாதம் அரசர் கால் ஊன்றி நடந்தார். அதே வாரம் சூறாவளியும் நடந்தது. இனிக் குதிரைகளின் கால் வைத்தியம் முழுவதும் சடையாண்டியின் பொறுப்பு என்று ஆணை பிறந்தது. உத்தண்டர் சூடு போட நினைத்தால், அவனிடம் அனுமதி கேட்க வேண்டும். சாத்தப்பனுக்கு அரசர் பட்டாடை போர்த்தி, இளம் குதிரை ஒன்றையும் பரிசளித்தார்.

சாத்தப்பன் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

"ஏறிப் போகலாமே சாமி?" என்றான் வழியனுப்ப வந்த சடையாண்டி.

"எனக்குக் குதிரையேறத் தெரியாது, சடையாண்டி. இப்போதைக்கு அதற்கும் கால் நன்றாக இருக்கிறது, எனக்கும் நன்றாக இருக்கிறது. இரண்டையும் கெடுப்பானேன்?"