எழுந்து போனவர்கள்

"ஒரே ஒரு நாளைக்கு எனக்கு வயிறு சும்மா இருக்கோணும் அம்மா. அதுக்கொரு வழி சொல்லுங்க."

ஆற்றங்கரை மடத்து வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார் சென்னியப்பன்.

மடத்துக்குப் பொறுப்பு செங்கமலம். சென்னியப்பனைவிடப் பத்து வயது சின்னவர். ஆனாலும் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் அம்மாதான்.

"எந்த நாளைக்குங்க?" என்றார் அம்மா.

"வர்ற வெள்ளிக்கிழமைக்கு."

"அன்னிக்கு என்ன?"

"பேரனுக்குக் காது குத்தறாங்க. ஓசூர்ல. பஸ்ல போகோணும்."

"வயிறு என்ன பண்ணுது?"

சென்னியப்பன் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"முறுக்குதுங்க. முறுக்குனா அந்த நிமிசமே போகோணும். போயிட்டு வந்தாலும் முடிஞ்சாப்ல இருக்காது. சில நாள் ஒண்ணுமே ஆகாது, வயிறு பானையாட்டம் ஊதிக்கும். வெளிய கெளம்பறோம்னு நெனச்சாலே போதும், அதுக்குத் தெரிஞ்சு போயிரும்."

"டாக்டர்கிட்டக் காட்டுனீங்களா?"

"ஸ்கேன் பண்ணுனாங்க. டியூப் விட்டுப் பாத்தாங்க. எல்லாம் நார்மலுங்க, நான் ஒருத்தனைத் தவிர. ஐ.பி.எஸ்.னு ஒரு பேர் சொன்னாங்க. போலீஸ் அதிகாரியாட்டம் பேரு. உசுருக்கு ஒண்ணும் ஆகாது, கூடவே வெச்சுட்டு வாழப் பழகிக்குங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

அம்மா தலையாட்டினார்.

"மத்தியானம் கூட்டம் இருக்குது. உக்காருங்க. முடிஞ்சு பேசலாம்."

"கதவுகிட்ட உக்காந்துக்கலாங்களா?"

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"உக்காருங்க."

சென்னியப்பன் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவருடைய ஊரில் அவருக்கு மானஸ்தர் என்று பெயர். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

மனைவி போன பிறகு மகளை ஒற்றை ஆளாக வளர்த்தார். மேகலா படித்தாள், ஓசூரில் வேலைக்குப் போனாள். அவள் போன பிறகுதான் இந்த வயிற்றுத் தொல்லை அவரைப் பிடித்துக்கொண்டது. அவளிடம் சொல்லவில்லை. பெண் பிள்ளையிடம் போய் இதையா சொல்வது?

பிறகு ஒருநாள், கூட வேலை செய்கிற பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் வேறு சாதி. சொந்தக்காரர்கள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்கள். சென்னியப்பன் குதிக்கவில்லை. "உனக்குப் புடிச்சிருந்தாச் சரி சாமி" என்று சொல்லிவிட்டு அவரே பத்திரிகை வைக்கக் கிளம்பினார்.

முகூர்த்தத்தன்று மணவறையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கெட்டிமேளத்துக்கு ஐயர் கையைத் தூக்குகிற நேரம்.

வயிறு முறுக்கியது.

எழுந்தார். மண்டபத்தின் நடுவழியே, யார் முகத்தையும் பார்க்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, பெரிய வாசல் வழியாக வெளியே போனார். எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் பங்கில் ஒரு கக்கூஸ் இருப்பதை வரும்போதே பார்த்து வைத்திருந்தார். இந்த வயிற்றுக்காரர்கள் எங்கே போனாலும் முதலில் கண்ணால் தேடுவது அதைத்தான்.

திரும்பி வந்தபோது தாலி ஏறியிருந்தது.

வாசலிலேயே பெரியப்பா மகன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர்.

"கடைசி நேரத்துல எந்திரிச்சு வந்து நம்ம மானத்தைக் காப்பாத்திட்டீங்கண்ணா."

சென்னியப்பன் விக்கித்துப் போனார். வாயைத் திறந்தார். அது அப்படி இல்லையப்பா என்று சொல்லத்தான் திறந்தார். அதற்குள் இன்னும் நாலு பேர் வந்து தோளைத் தட்டினார்கள்.

மானம் என்றால் மாலை போடுவார்கள். பேதி என்றால் சிரிப்பார்கள். அந்த இடத்தில் எவன் பேதி என்பான்?

அவர் வாயை மூடிக்கொண்டார். உள்ளே போகவும் இல்லை.

அந்த வருஷம் கோயில் திருவிழாவில் முதல் மரியாதை அவருக்கு. பெற்ற மகளையே திரும்பிப் பார்க்காத மனுஷன் என்று மைக்கில் சொன்னார்கள். அதையும் கேட்டுக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்க்கப் போகாததற்கும் காரணம் வயிறுதான். ஓசூர் பஸ்ஸில் ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியுமா?

மேகலா இரண்டு மூன்று தரம் கூப்பிட்டாள். வேலை இருக்கிறது, மழை வருகிறது, மாடு கன்று போடப் போகிறது என்று ஏதேதோ சொன்னார். பிறகு அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். வருஷம் நாலு ஓடிப் போனது. போன வாரம்தான் மறுபடி போன் வந்தது.

"பையனுக்குக் காது குத்தறோம். இந்தத் தடவையும் வரலைன்னா இனிமே உங்களைக் கூப்பிட மாட்டேன்ப்பா. எனக்கும் வலிக்கும்ல?"

அவர் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டாள்.

அதனால்தான் சென்னியப்பன் மொபெட்டை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்தார். மொபெட்டை எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

மத்தியானம் கூடம் நிறைந்துவிட்டது. அம்மா நடுவில் பாயில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். சின்னக் குரல். காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது.

"மனசுங்கறது கெணத்துல உட்ட கயிறு மாதிரி. கீழ எறங்கறதுக்கும் அதுதான். மேல ஏறி வர்றதுக்கு..."

நிறுத்தினார். முகம் ஒரு கணம் இறுகியது. விருட்டென்று எழுந்தார். பின்வாசல் வழியாகப் போய்விட்டார்.

கூடத்தில் ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"என்னாச்சுங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார் சென்னியப்பன்.

பக்கத்தில் இருந்தவர் திருமூர்த்தி. மடத்தின் மூத்த சீடர்.

"மோனவேளை" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். "அம்மா எப்பவும் பாதியில எந்திரிச்சுப் போயிருவாங்க. மிச்சத்தை நாமதான் உள்ளுக்குள்ள கண்டுபுடிக்கோணும். பேச்சு நிக்கற எடத்துலதான் ஞானம் இருக்குது."

"எப்ப வருவாங்க?"

"அது அவங்க சித்தம். வர்ற வரைக்கும் ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது. இங்க அதுதான் வழக்கம்."

எந்திரிக்கக் கூடாது என்ற சொல் காதில் விழுந்ததும் சென்னியப்பனின் வயிற்றில் முதல் முறுக்கு விழுந்தது.

பொறுத்தார். வியர்த்தது. கால் கட்டை விரலைத் தரையில் அழுத்திக்கொண்டார். இரண்டாவது முறுக்கு வந்தது.

எழுந்துவிட்டார்.

திருமூர்த்தி அவருடைய வேட்டி நுனியைப் பிடித்தார். "மோனவேளைங்க! உக்காருங்க!"

"உட்டுருங்க சாமி, புண்ணியமாப் போகும்."

வேட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

மடத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் ஒரு கக்கூஸ். ஒன்றே ஒன்று. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினார்.

"யாருங்க உள்ள? கொஞ்சம் சீக்கிரம் வாங்க. தாங்க முடியல."

"இருங்க, வாரேன்" என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல்.

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குரலைத்தான் அவர் இவ்வளவு நேரம் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. முகமெல்லாம் வியர்த்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு அம்மா வெளியே வந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள்.

"நிக்காதீங்க, போங்க போங்க" என்றார் அம்மா. "தண்ணி ரொப்பி வெச்சிருக்கறேன்."

அவர் வெளியே வந்தபோது அம்மா துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் விட்டிருந்தார்.

சென்னியப்பன் உட்கார்ந்தார்.

"அம்மா, உங்களுக்குமா?"

"ம்."

"எப்பவாச்சுங்களா?"

"எப்பவும்."

"அப்ப அந்த மோனவேளை?"

அம்மா கக்கூஸ் கதவைக் கையால் காட்டினார்.

சென்னியப்பனுக்குத் தலையைச் சுற்றியது. கூடத்தில் அத்தனை ஜனம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எதற்காக?

"அவங்களுக்குத் தெரியாதுங்களா?"

"சொன்னேன். நாலு தடவை சொன்னேன். எனக்கு வயித்துக் கோளாறு, அதுக்குத்தான் எந்திரிச்சுப் போறேன்னு பட்டவர்த்தனமாச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"திருமூர்த்தி தேம்பித் தேம்பி அழுதாரு. எங்க பாவத்தையெல்லாம் உங்க வயித்துல வாங்கிக்கறீங்களே தாயேன்னு கால்ல விழுந்தாரு. அடுத்த வாரம் கூட்டம் ரெண்டு மடங்கு."

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா என்று தெரியாமல் அடக்கிக்கொண்டார்.

"அப்பறம் சொல்றதை உட்டுட்டீங்களா?"

"உட்டுட்டேன். எனக்கும் சௌகரியமாப் போச்சு. எந்திரிச்சுப் போனா எங்கன்னு யாரும் கேக்கறதில்ல."

"அப்ப என் வயித்துக்கு மருந்து?"

"இருந்தா நான் குடிச்சிருக்க மாட்டேனா? டாக்டரை விட்டுராதீங்க. எனக்குப் பாலை நிறுத்துனதுல கொஞ்சம் தேவலை. உங்களுக்கு எது ஒத்துக்கலைன்னு நீங்கதான் பாக்கோணும். கட்டிப்போடற வித்தையெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

சென்னியப்பனின் முகம் தொங்கிப் போனது. வெள்ளிக்கிழமை கையை விட்டுப் போய்விட்டது என்றே நினைத்தார். அந்த வேதனையிலும், இவரிடம் இனி மறைக்க என்ன இருக்கிறது என்ற எண்ணத்திலும், மண்டபத்தில் நடந்ததை அப்படியே கொட்டிவிட்டார். பெரிய வாசல், பெட்ரோல் பங்க், கையைப் பிடித்து அழுத பெரியப்பா மகன், முதல் மரியாதை, எல்லாவற்றையும் சொன்னார்.

அம்மா குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் கேட்டார்.

"நான் எந்திரிச்சுப் போனதுக்கு இவங்க ஞானின்னு பேர் வெச்சாங்க. நீங்க எந்திரிச்சுப் போனதுக்கு?"

"மானஸ்தன்னு வெச்சாங்க."

"யாரு வெச்சது?"

"சொந்தக்காரங்க."

"உங்க பொண்ணு என்னன்னு வெச்சா?"

சென்னியப்பன் பதில் சொல்ல வாயெடுத்தார்.

நாலு வருஷமாக அவர் மண்டபத்துக்கு வெளியே நின்றுதான் அந்த நாளை நினைத்துப் பார்த்திருக்கிறார். பங்க், கதவு, பக்கெட், பெரியப்பா மகன். மணவறையில் இருந்து ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது பார்த்தார். மாலையும் கழுத்துமாக மேகலா உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிமேளத்துக்குக் கை தூக்குகிறார்கள். பக்கத்தில் இருந்த அப்பா எழுகிறார். அத்தனை பேர் பார்க்க, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பெரிய வாசல் வழியாக இறங்கிப் போகிறார்.

அடப் பாவமே என்றார் வாய்விட்டு. அடிவயிறு சில்லிட்டது. இது வேறு மாதிரி. இதற்குக் கக்கூஸ் உதவாது.

அம்மா எழுந்து முந்தானையை உதறினார்.

"அஞ்சாவது தடவையா நான் போயிச் சொல்லறேன். மொதத் தடவையா நீங்க சொல்லிப் பாருங்க."

உள்ளே போய்விட்டார்.

சென்னியப்பன் கொய்யா மரத்தடியில் நின்று போனை எடுத்தார். மணி போய்க்கொண்டிருந்தபோது கூடத்தில் இருந்து அம்மாவின் சின்னக் குரல் கேட்டது. பிறகு "தாயே!" என்று திருமூர்த்தியின் அழுகை. ஐந்தாவது தடவையும் நம்பவில்லை போலிருக்கிறது.

"அப்பா?" என்றாள் மேகலா. குரலில் ஒட்டுதல் இல்லை.

"சாமி, எனக்கு வயிறு சரியில்ல."

"ஐயோ, என்னப்பா? ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"இன்னிக்கு இல்ல. நீ வேலைக்குப் போனதுல இருந்தே. திடீர்னு முறுக்கும், உடனே கக்கூஸுக்கு ஓடோணும். பஸ்ல ஏறுனா நடுவழியில வந்துருமோன்னு பயம். அதனாலதான் வரல. கோவமெல்லாம் ஒருநாளும் இல்ல."

அந்தப் பக்கம் குழந்தை மட்டும் எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப கல்யாணத்தன்னிக்கு?"

"அதுக்குத்தான் சாமி."

"அதுக்குத்தானா?"

"அதுக்கு மட்டுந்தான்."

இப்போது அவள் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது.

"எங்கப்பா போனீங்க?"

"எதுத்தாப்ல பெட்ரோல் பங்குக்கு."

"அப்பா! மணவறைக்குப் பின்னாடியே, என் ரூம்ல, ஒண்ணு இருந்துச்சேப்பா!"

"எனக்குத் தெரியலையே சாமி."

"கேட்டிருக்கலாம்ல?"

"அந்த நேரத்துல யாருகிட்டப் போயிக் கேக்கறது?"

"பக்கத்துலதானப்பா உக்காந்திருந்தேன்."