அன்னம் விரட்டிய நாமக்கோழிகள்

ஆர்ரே ஏரியைப் பனிக்கட்டி மூடிக்கொண்டே வந்தது. நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட நீர்ப்பறவையான நாமக்கோழி, காலை நிறுத்தாமல் அடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டென்மார்க்கில் அதைவிடப் பெரிய ஏரி இல்லை. பரப்புதான் பெரிது, ஆழம் கிடையாது. ஒரு காலத்தில் கடல் நீட்டிய கை அது. மணல் அடித்து, வாய் தூர்ந்து, ஏரியாகிவிட்டது. ஆழமில்லாத தண்ணீர் சீக்கிரம் உறையும். இப்போது நடுவில் ஒரு நெற்களம் அளவுக்குத்தான் தண்ணீர் மிச்சம். அதில் நாமக்கோழிக் கூட்டமும் ஓர் அன்னமும்.

பனிக்கட்டி மேல் ஒரு கழுகு உட்கார்ந்திருந்தது. அதற்கு அவசரமில்லை.

"ஏய், நெத்தியில நாமம் போட்ட கறுப்பிகளா!" என்றது அன்னம். "என்ன சளசளப்பு! காலைச் சும்மா வைக்க மாட்டீங்களா?"

"நிறுத்தினா விறைச்சிடும், அண்ணே!" என்றது நாமக்கோழி.

"வெளியே போய் விறைங்க! இது என் தண்ணி!"

"வெளியே கழுகு உட்கார்ந்திருக்கே!"

"அது உங்க பாடு!"

அன்னம் சிறகை விரித்துச் சீறியது. கொத்தியது. கூட்டம் முழுக்கப் பனிக்கட்டி மேல் ஏறி, வழுக்கி வழுக்கி ஓடியது.

"ஒட்டி நில்லுங்கடி! தனியா நிக்கிறவளைத்தான் தூக்குவான்!" என்று கத்தியது நாமக்கோழி.

ஒரே கறுப்பு மூட்டையாக நின்றன. கழுகு தாழப் பறந்து பார்த்தது. பிரிக்க முடியவில்லை. திரும்பப் போய் உட்கார்ந்தது.

"போயிட்டானா?"

"பேசாதே. ஒட்டு!"

அன்னம் அசையாமல் மிதந்தது. "அப்பாடா! இதல்லவா நிம்மதி!" கண்ணை மூடிக்கொண்டது.

கலக்குகிற கால்கள் இல்லாத தண்ணீர், ஆறின பால் மாதிரி ஆடை கட்டியது. களம் முற்றமாயிற்று. முற்றம் கிணற்று வாயாயிற்று. நாமக்கோழி கழுத்தை நீட்டிப் பார்த்தது. அதுவும் மூடிவிட்டால் முங்கி எடுக்கப் பாசி ஏது? ஒளிய இடம் ஏது?

பனி நெஞ்சில் இடித்ததும்தான் அன்னம் விழித்தது. படபடவென்று அடித்துக்கொண்டது. தண்ணீர் மேல் நெடுக ஓடினால்தான் அதனால் பறக்க முடியும். ஓட ஏது இடம்?

கழுகு மெல்ல முகத்தைத் திருப்பியது.

"நாமக்காரி! தங்கச்சி! ஓடி வாயேன்!"

"இப்போதான் தங்கச்சியா?" என்றது நாமக்கோழி. பிறகு கூட்டத்தைப் பார்த்தது. "இவனுக்காக இல்லடி. தண்ணி மூடினா நமக்கும் சாவு. வாங்க!"

ஓடின. கழுகும் கிளம்பியது. அதன் நிழல் முதுகில் விழுந்ததுமே அத்தனையும் தண்ணீரில் குதித்தன. மெல்லிய பனி நொறுங்கியது.

"அடிங்கடி!"

அத்தனை சிறகும் காலும் சேர்ந்து தண்ணீரை வாரி இறைத்தன. நனைந்த கழுகு, எழும்ப முடியாமல் எழும்பி, கரைக்காட்டுப் பக்கம் போய்விட்டது.

"என் பக்கமும் கொஞ்சம் கலக்குங்க" என்றது அன்னம்.

"உனக்குக் கால் இல்லையா? நீயும் அடி!"

அடித்தது.

சற்று நேரத்தில் ஒரு வாத்து தத்தித் தத்தி வந்தது. "இடம் இருக்கா?"

நாமக்கோழி அன்னத்தையே பார்த்தது.

அன்னம் ஒதுங்கி வழி விட்டது. "வா, வா! காலை மட்டும் நிறுத்திடாதே!"

கூட்டத்தின் சத்தம் பொறுக்காமல் கூட்டத்தையே விரட்டுகிறவன், தன் பிழைப்பையும் சேர்த்தே விரட்டுகிறான்.