பெருக்கல்

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்ற ஆவுடையப்பன், அறுபதாம் வயதில் தச்சுவேலைக்கு மாணவரானார். குரு இசக்கியம்மாள். அவரில் பாதி வயது.

"ஆசாரிக்கும் ஆசிரியருக்கும் வேர்ச்சொல் ஒன்றுதான், தெரியுமா?" என்று முதல் நாளே விளக்கினார்.

"அப்படியா வாத்தியாரே? சரி, உளிய இப்படிப் பிடிங்க" என்றாள் இசக்கி.

அவருடைய பாளையங்கோட்டை வீட்டில் கார் நிறுத்த ஓர் அறை இருந்தது, கார் இல்லை. அது பட்டறை ஆயிற்று. ஐந்து ஆண்டுகளில் ஆறு நாற்காலிகள் செய்தார். அவற்றில் இரண்டு, நான்கு கால்களிலும் நின்றன.

பிறகு மனைவி கோமதிக்கு இருமல் வந்தது. மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். "மரத்தூசு நெஞ்சுல இறங்கியிருக்கு. போனது போனதுதான். மிச்சத்தையாவது காப்பாத்துங்க" என்றார்.

கோமதி தென்காசியில் தம்பி வீட்டுக்குப் போனாள். பட்டறையை மூடிவிடுகிறேன் என்று ஆவுடையப்பன் சொன்னார். "மூட வேண்டாம்" என்றாள்.

எட்டு மாதமாக அவர் தூசு பிடிக்கும் பொறி அமைத்துக்கொண்டிருந்தார். ரம்பத்துக்கு ஒரு குழாய், இழைப்பு எந்திரத்துக்கு ஒரு குழாய், உப்புத்தாள் தேய்க்கும் மேசைக்கு ஒரு குழாய். மூன்றும் சுவரோடு ஓடி வெளியே ஒரு டிரம்மில் போய்ச் சேரும். ஒவ்வொரு குழாய் முடிந்ததும் தென்காசிக்குப் போன் செய்வார்.

"இப்போது வரலாம், கோமதி."

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்பாள்.

மூன்றாம் முறையும் அதே பதில் வந்தபோது குருவை வரச் சொன்னார்.

இசக்கி உள்ளே வந்து சுற்றிப் பார்த்தாள். "என்ன வாத்தியாரே, பட்டறைன்னு சொல்லிக் கூப்பிட்டீங்க, ஆபரேஷன் ரூம் மாதிரில்லா இருக்கு!"

அவர் சிரிக்கவில்லை. "எங்கோ தூசு தப்புகிறது, ஆசாரியம்மா. அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். அவள் வந்துவிடுவாள்."

"அக்கா இருந்தப்ப எப்படி வேலை பாப்பீங்களோ, அப்படியே ஒருக்கா பாருங்க."

ஆவுடையப்பன் முகக்கவசம் மாட்டினார். பலகையை அறுத்தார், இழைத்தார், தேய்த்தார். பொறி உறுமிக்கொண்டு பெரும்பாலானதை விழுங்கியது; மிச்சம் தரையில் படிந்தது. பிறகு சுவிட்சை அணைத்தார். முகக்கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வாசலுக்குத் திரும்பினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"வேலை முடிந்தது. கைகால் கழுவிக் காபி குடிப்பேன்."

"இங்க தரையில கெடக்கது?"

"அதற்கென்ன? கோமதி வந்து பெருக்குவாள்."

சொல்லிவிட்டு இரண்டு எட்டு வைத்தார். நின்றார்.

"மாஸ்க் எத்தன வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள் இசக்கி.

"ஒன்று."

"தெனமும் பெருக்குவாங்களா?"

"தினமும். அடுக்களைக்குத் தூசு வரக்கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு பெருக்குவாள்."

"படிஞ்சு கெடக்க தூசு தொடப்பம் பட்டா எந்திரிச்சிரும் வாத்தியாரே. கண்ணுக்குத் தெரியாததுதான் ரொம்ப நேரம் மேல நிக்கும்."

ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்தார்.

"பெருக்கு என்பதற்கு இரண்டு பொருள்" என்றார், கரும்பலகைக்கு முன் நிற்பவர் போல. "கூட்டித் தள்ளுதல் ஒன்று. மிகுதியாக்குதல் மற்றொன்று. வருடா வருடம் நடத்தினேன்." தரைத் தூசில் விரலால் ஒரு கோடு இழுத்தார். "பக்கத்து ரூம்ல காபியக் குடிச்சிக்கிட்டே அவ பெருக்குத சத்தத்தக் கேட்டுக்கிட்டிருப்பேன். நல்லாருக்கும்."

இலக்கணம் அவர் வாயை விட்டுப் போயிருந்தது.

இசக்கி எதிரே குத்தவைத்தாள்.

"தரைக்கும் ஒரு குழா போட்டுருதேன்" என்றார் அவர். "இன்னைக்கே போட்டுருதேன். போன்ல சொல்லிருதேன்."

"போடலாம். அரை நாள் வேலைதான். அக்காகிட்ட அதையா சொல்லப்போறீங்க?"

"வேற எதச் சொல்ல? நான்தான்னு சொல்லவா?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "இது தெரிஞ்சா அவ எப்படித் திரும்பி வருவா?"

"பெருக்குனவங்களுக்குத் தெரியாதா, வாத்தியாரே?"